எங்கள் முற்றத்து டேலியா எங்கிருந்து வந்தது?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு தேத்தண்ணியோடு ஆறுதலாக இருந்து வாசியுங்கள்.

சென்ற வாரம் தரம் 8 வரலாற்றுப் பாடத்துக்கு எங்கள் முற்றத்தில் பூத்த ஒரு கருஞ்சிவப்பு டேலியாவைக் கொண்டுபோனேன். ஐரோப்பியர் கடல்வழி கண்டுபிடித்த பாடம். பொருட்களும் செடிகளும் எப்படிக் கண்டம்விட்டுக் கண்டம் போயின என்று காட்டுவதற்குத்தான் கொண்டுபோனேன். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை கேட்டான்:

"சேர், இது எங்கட நாட்டுப் பூவா?"

"இல்லை மகன், இது வெளியிலிருந்து வந்த பூ" என்றேன்.

பின் வரிசையிலிருந்து இன்னொருவன் மெதுவாகக் கேட்டான்: "அப்ப எங்களப் போலயா சேர்?"

வகுப்பு சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. இடைவேளையில் கூப்பிட்டு விசாரித்தேன். அதற்கு முந்திய நாள் பஸ்ஸில் யாரோ அவனுடைய வாப்பாவிடம், "நீங்க எல்லாம் வந்தவங்கதானே" என்று சொல்லியிருக்கிறார். வாப்பா பதில் பேசாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். பிள்ளைக்கு அதுதான் மனதில் நின்றிருக்கிறது.

எனக்கும் அந்த நேரத்தில் சரியான பதில் வரவில்லை. மணி அடித்துவிட்டது. வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று யோசித்தேன். அவனுக்குச் சொல்ல வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டேலியாவின் தாய்மண் மெக்சிகோவும் அதை அண்டிய மத்திய அமெரிக்காவும். அங்குள்ள மலைச்சரிவுகளில் அது காட்டுச் செடியாக வளர்கிறது. பகலில் வெயில், இரவில் குளிர், வடிந்தோடும் மண். எங்கள் ஊவா மலைப்பக்கத்தில் அது இலகுவாகப் பிடிப்பதற்கும், கரையோரத்துச் சொந்தங்கள் கொண்டுபோய் நட்டால் வாடிப்போவதற்கும் காரணம் இதுதான்.

ஸ்பானியர் 1521 இல் அஸ்டெக் தலைநகரைக் கைப்பற்றினார்கள். ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப் தன் வைத்தியரான பிரான்சிஸ்கோ ஹெர்னாண்டஸை அங்கே அனுப்பினான். 1570 களில் அவர் ஊர் ஊராகப் போய், அந்த மண்ணின் வைத்தியர்களிடமும் விவசாயிகளிடமும் கேட்டுக் கேட்டு ஆயிரக்கணக்கான செடிகளைப் பற்றி எழுதினார். அவற்றில் டேலியா இனங்களும் இருந்தன. அந்த மக்கள் நாவாட்டில் மொழியில் அதற்கு 'அகோகோத்லி' என்று ஒரு பெயர் வைத்திருந்தார்கள். நீர்க்குழாய் என்பது போன்ற பொருள். ஏன் அந்தப் பெயர் என்று பின்னால் சொல்கிறேன். எனக்கு அது நஷ்டப்பட்டுத்தான் விளங்கியது.

ஹெர்னாண்டஸின் மூலக் கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி 1671 இல் எஸ்கோரியல் மாளிகையில் ஏற்பட்ட தீயில் எரிந்துபோனது. சுருக்கங்களும் பிரதிகளும்தான் மிஞ்சின. ஒரு மக்கள் பல தலைமுறையாகச் சேர்த்த அறிவு, இன்னொருவருடைய அலுமாரியில் இருந்து எரிந்தது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும்.

அதன்பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக ஐரோப்பா இந்தச் செடியைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1789 இல் மெக்சிகோ நகரத் தாவரவியல் பூங்காவிலிருந்து விசென்தே செர்வாந்தேஸ் என்பவர் விதைகளை மட்ரிட் அரச பூங்காவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த கவனில்லெஸ் என்ற பாதிரியார் அவற்றை வளர்த்து, 1791 இல் 'டேலியா' என்று பெயர் சூட்டி வெளியிட்டார். அந்தப் பெயர் ஆண்டர்ஸ் டால் என்ற ஸ்வீடன் தாவரவியலாளரின் நினைவாக வைக்கப்பட்டது. அவர் புகழ்பெற்ற லின்னேயசின் மாணவர். 1789 இலேயே காலமாகிவிட்டார். இந்தப் பூவோடு அவருக்கு எந்தத் தொடர்பும் இருக்கவில்லை. லின்னேயஸ்தான் பெயர் வைத்தார் என்று சில இடங்களில் எழுதுகிறார்கள். அது பிழை. லின்னேயஸ் 1778 இலேயே இறந்துவிட்டார்.

கதை அதோடு முடியவில்லை. ஜெர்மனியில் வில்டெனோ என்ற அறிஞர், 'டேலியா' என்ற பெயர் ஏற்கனவே வேறொரு செடிக்குப் போய்விட்டது என்று நினைத்து, இதற்கு 'ஜோர்ஜினா' என்று பெயரை மாற்றினார். அது ரஷ்யாவில் வாழ்ந்த ஜியோர்கி என்பவரின் நினைவாக. இன்றைக்கும் ரஷ்யர்கள் இந்தப் பூவை 'கியோர்கின்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு பூவுக்கு இரண்டு பெயர் வைத்து ஐரோப்பாவில் இழுபறி. அதை முதலில் வளர்த்தவர்கள் வைத்த பெயர் அந்தப் போட்டியிலேயே இல்லை.

1800 களின் தொடக்கத்தில் பிரான்ஸ், ஜெர்மனி, இங்கிலாந்து எல்லாம் டேலியா மோகம் பிடித்தது. உருளைக்கிழங்குக்குப் பதிலாக இதன் கிழங்கைச் சாப்பிடலாமா என்றும் சிலர் பார்த்தார்கள். சரிவரவில்லை. அதில் உள்ளது மாப்பொருள் அல்ல, 'இனுலின்' என்ற வேறொரு பொருள். எங்கள் சிறுகுடல் அதைச் செரிக்காது. ஆனால் அதே இனுலின் பிற்காலத்தில் சிறுநீரகம் எவ்வளவு இரத்தத்தை வடிகட்டுகிறது என்று அளக்க மருத்துவர்களுக்கு உதவியது. உடம்புக்குள் செலுத்தினால் மாற்றமடையாமல் சிறுநீரகத்தால் வடிகட்டப்பட்டு வெளியேறும் என்பதுதான் அதற்குக் காரணம்.

இப்போது நஷ்டப்பட்ட கதை.

எங்கள் முற்றத்து டேலியா உம்மா வைத்தது. உம்மாவுக்கு அது தேயிலைத் தோட்டத்தில் இருந்த ஓர் அக்கா கொடுத்த கிழங்கு. உம்மா வபாத்தான பிறகு நான்தான் பார்த்துவந்தேன். ஒரு வருடம் ஐப்பசி மழைக்கு முன்னால், காய்ந்த தண்டுகளைத் துப்புரவாக வெட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று உள்ளே போய்விட்டேன். அந்த முறை மழை விடாமல் பெய்தது. தை மாதம் மண்ணைக் கிளறிப் பார்த்தால் ஒரு கிழங்கும் மிஞ்சவில்லை. எல்லாம் கூழாகி நாறியது.

காரணம் தண்டு. டேலியாவின் தண்டு உள்ளே வெறும் குழாய். வெட்டிய வாயை மூடாமல் விட்டால் மழைநீர் அதற்குள் இறங்கி, நேரே கிழங்கின் கழுத்தில் போய் நிற்கும். கழுத்தில்தான் முளைவரும் கண் இருக்கிறது. கழுத்து அழுகினால் கிழங்கு எவ்வளவு பெரிதாக இருந்தும் பயனில்லை. உருளைக்கிழங்கைப் போல எந்தப் பக்கத்திலும் முளைக்காது.

நீர்க்குழாய்! அந்த மக்கள் பெயரிலேயே எழுதிவைத்த எச்சரிக்கை. அந்தப் பெயர் எங்களுக்கு வந்து சேர்ந்திருந்தால் உம்மாவின் கிழங்கை நான் அழுகவிட்டிருக்க மாட்டேனோ என்று இப்போதும் நினைப்பேன்.

மனம் விட்டுப்போய் ஒரு வருடம் எதுவும் நடவில்லை. பிறகு ஒருநாள் மேல்வீட்டுச் சிங்கள ஆச்சி ஒரு உரப்பையில் ஏதோ சுற்றிக்கொண்டு வந்தார். "இது உங்கட உம்மா எனக்குத் தந்தது. உங்கட முற்றம் வெறுமையா இருக்கு" என்று அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். உள்ளே மூன்று கிழங்குகள். இருபது வருடத்துக்கு முன் உம்மா கொடுத்ததன் வழிவந்தவை. அந்த வருடம் அதே கருஞ்சிவப்பு பூத்தது. விதையிலிருந்து என்றால் அப்படி வந்திருக்காது. டேலியாவில் நிறமூர்த்தங்கள் எட்டுத் தொகுதிகளாக, மொத்தம் 64 இருக்கின்றன. அதனால் விதை போட்டால் என்ன நிறம், என்ன வடிவம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அதே பூ வேண்டுமென்றால் கிழங்கு கைமாற வேண்டும். ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுக்க வேண்டும்.

இதே போன்ற ஒன்று வரலாற்றிலும் நடந்திருக்கிறது. 1872 இல் ஒல்லாந்தைச் சேர்ந்த வான் டென் பெர்க் என்பவருக்கு மெக்சிகோவிலிருந்து ஒரு பெட்டி கிழங்குகள் வந்தன. கப்பல் பயணத்தில் எல்லாம் அழுகிப்போய், ஒன்றுதான் பிழைத்தது. அதிலிருந்து, இதழ்கள் சுருண்டு கூராக நீளும் சிவப்புப் பூ வந்தது. ஐரோப்பா அதற்கு முன் கண்டிராத வடிவம். இன்று கடைகளில் 'கெக்டஸ் டேலியா' என்று விற்கும் வகைகளுக்கு அதுவே மூத்தது. அதற்கு மெக்சிகோ ஜனாதிபதி பெனிற்றோ ஹுவாரெஸின் பெயரை வைத்தார்கள். அவர் சப்போடெக் பழங்குடியில் பிறந்தவர். இந்த ஒரு தடவையாவது அந்த மண்ணின் பிள்ளை ஒருவரின் பெயர் அந்த மண்ணின் பூவுக்குக் கிடைத்தது. பின்னர் 1963 இல் மெக்சிகோ டேலியாவைத் தன் தேசியப் பூவாக அறிவித்தது.

இனி எங்கள் பக்கம். ஹக்கலைப் பூங்காவைப் பார்க்க நாம் பிள்ளைகளைக் கூட்டிப்போகிறோம். 1861 இல் அது தொடங்கப்பட்டது பூவுக்காக அல்ல, சிங்கோனா மரத்துக்காக. மலேரியாவுக்கு மருந்தான குயினைன் அதன் பட்டையில் இருக்கிறது. அந்த மரமும் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. எங்கள் வயல்களைப் பாருங்கள். வெலிமடை உருளைக்கிழங்கு அந்தீஸ் மலையின் பிள்ளை. போஞ்சியும் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்தவை. தேயிலை சீனத்திலிருந்து வந்தது. அதற்கு முன் இந்த மலைகளில் நின்ற கோப்பி, எத்தியோப்பியாவில் பிறந்து யெமன் வழியாக உலகம் சுற்றியது. மிளகாய் இல்லாமல் ஒரு சம்பல் அரைத்துப் பாருங்கள். எது எங்கள் உணவு, எது வந்த உணவு என்று பிரிக்கப் போனால் பீங்கான் காலியாகிவிடும்.

மனிதரின் கதையும் அப்படித்தான். 1626 இல் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குத் தன் இராச்சியத்தில் இடம் கொடுத்தான். வந்தவர்களும் இருந்தார்கள், இடம் கொடுத்தவர்களும் இருந்தார்கள். வரலாற்றில் இரண்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஒன்றை மட்டும் வாசிப்பதுதான் பிழை.

அஸருக்குப் பிறகு நான் கொஞ்ச நேரம் முற்றத்தில் இருப்பேன். ஆச்சி தந்த டேலியாவுக்குப் பக்கத்தில் ஒற்றை அடுக்கு டேலியா ஒன்றும் நிற்கிறது. நாம் ஒரு பூ என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சின்னப் பூக்களின் கூட்டம். சூரியகாந்திக் குடும்பத்தின் வழக்கம் அது. நடுவில் உள்ள மஞ்சள் வட்டத்தில் வெளிவரிசை முதலில் விரியும், அடுத்த நாள் அதற்கு உள்வரிசை. தேனீயும் அந்த ஒழுங்கிலேயே சுற்றிச் சுற்றி நடக்கும். பெரிய அடுக்குப் பூவில் வந்து இறங்கும் தேனீயோ, இதழுக்குள் தலையை நுழைத்துப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போய்விடும். பார்வைக்கு அழகாக மனிதன் மாற்றியதில், அதற்கு உணவு இல்லாமல் போய்விட்டது. ஆகவே முற்றத்தில் ஒற்றை அடுக்கு வகை ஒன்றாவது வையுங்கள்.

அந்தத் தேனீ எங்கள் ஊர்த் தேனீ. அதன் பாட்டன் பூட்டன் யாரும் மெக்சிகோவைக் கண்டதில்லை. அது பூவிடம் ஊர் கேட்பதில்லை. மகரந்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன்: "மகன், நாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பது ஒரு கேள்வி. அதற்கு வெட்கப்படத் தேவையில்லை, படித்துத் தெரிந்துகொள். வந்த இடத்தில் என்ன கொடுத்தோம், எங்களுக்கு முன் இருந்தவர்களின் பெயரையும் அறிவையும் மதித்தோமா என்பது இன்னொரு கேள்வி. அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்." அவன் கையில் ஒரு கிழங்கும் கொடுக்கப்போகிறேன், கண் உள்ளதாகப் பார்த்து. அவனுடைய வாப்பாவோடு சேர்ந்து நடட்டும்.

நடப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வெயில் படும் இடம், தண்ணீர் தேங்காத பாத்தி, மக்கிய மாட்டெரு, நடும்போதே பக்கத்தில் ஒரு கோல். மழைக்கு முன் தண்டை வெட்டினால் வாயைப் பொலித்தீன் துண்டால் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கிழங்கைத் தோண்டி, தும்புத்தூளில் வைத்து, காயாத இடத்தில் வையுங்கள். அடுத்த வருடம் பிரித்து ஒன்றைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். உங்களுடையது அழுகிப்போனாலும் அங்கே ஒன்று இருக்கும்.

உங்கள் வீட்டுப் பூக்கள் யார் கையிலிருந்து வந்தவை? உம்மாவிடமோ உம்மும்மாவிடமோ கேட்டு, கீழே எழுதுங்கள். பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.