மெட்கோ: நட்புக் குடும்பங்கள்

அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பிள்ளைகளைப் புறநகர் அரசுப் பள்ளிகளில் சேர்த்துப் படிக்கவைக்கும் தன்னார்வத் திட்டம், மெட்கோ. 1966 செப்டம்பரில் 220 கறுப்பின மாணவர்களுடன் தொடங்கியது. நியூட்டன், லெக்சிங்டன், புரூக்ளைன் உள்ளிட்ட ஏழு ஊர்கள் முதலில் இடம் கொடுத்தன.

இது யாரும் இரங்கித் தந்த சலுகை அல்ல. கறுப்பினப் பெற்றோர் போராடிப் பெற்றது. 1963 ஜூனில் அவர்களில் ஒருவரான ரூத் பேட்சன் பாஸ்டன் பள்ளிக் குழுவின்முன் நின்று, நகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நடப்பில் இருப்பதை எடுத்துச்சொன்னார். குழு அந்தச் சொல்லையே ஏற்கவில்லை. 1965-இல் எலன் ஜாக்சனும் மற்ற பெற்றோரும் தாங்களே பணம் திரட்டிப் பேருந்து அமர்த்தி, நகரத்துக்குள்ளேயே காலி இடம் இருந்த பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினார்கள். மெட்கோ அந்தத் துணிச்சலின் தொடர்ச்சி. பேட்சன் பின்னர் இதன் இயக்குநரும் ஆனார்.

பேருந்து பிள்ளையைப் பள்ளி வாசலில் இறக்கிவிடும், அதற்குப் பிறகு? பொழுது புலருமுன் பாஸ்டனின் ராக்ஸ்பரிப் பகுதியிலிருந்து கிளம்பும் பிள்ளைக்குப் பள்ளி இருக்கும் ஊரில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. கறுப்பினத்தவருக்கு வீட்டுக்கடன் மறுத்ததாலும் அவர்களை ஒதுக்கியதாலும் அந்தப் புறநகர் ஊர்கள் பெரும்பாலும் வெள்ளையர் ஊர்களாகவே இருந்தன. அதனால் ஒவ்வொரு பாஸ்டன் குடும்பத்தோடும் ஒரு புறநகர்க் குடும்பத்தை இணைக்கும் ஏற்பாடு வந்தது. பெரும்பாலும் இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே வகுப்பு. விளையாட்டுப் பயிற்சி முடிந்து பேருந்து வரும்வரை அந்த வீட்டில் பசியாறலாம், வீட்டுப்பாடம் எழுதலாம். பனி கொட்டி வழி அடைபட்டால் இரவு தங்கலாம். நடுப்பகலில் காய்ச்சல் என்றால், பாஸ்டனிலிருந்து அம்மா வந்துசேரும் முன் அழைத்துக்கொள்ள அருகிலேயே ஒருவர் இருப்பார். திட்டத்தின் உயிர் இந்தச் சின்ன உதவிகளில்தான் இருக்கிறது.

1974-இல் இனப் பிரிவினையை நீக்க நீதிமன்றம் இட்ட ஆணைப்படி நகரத்துக்குள் மாணவர்கள் வேறு பள்ளிகளுக்கு மாற்றப்பட்டபோது, தெற்கு பாஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகள் வந்த பேருந்துகள்மீது கல் விழுந்தது. அப்போதும் மெட்கோ தொடர்ந்து நடந்தது. இன்று 30-க்கு மேற்பட்ட பள்ளி மாவட்டங்களில் 3,000-க்கு மேற்பட்டோர் இதில் படிக்கிறார்கள். லத்தீன் அமெரிக்க, ஆசிய வம்சாவளிப் பிள்ளைகளும் சேர்கிறார்கள்.

ஆனால் பயணம் ஒருவழிதான். விடியுமுன் எழும் சுமை முழுக்க நகரத்துப் பிள்ளைக்கே. வீட்டு உறவும் வெகுகாலம் அப்படியே இருந்தது: புறநகர் வீடு உபசரிக்கும், பாஸ்டன் வீடு ஏற்றுக்கொள்ளும். 'விருந்தளிக்கும் குடும்பம்' என்ற பழைய பெயர் சொன்னதும் அதைத்தான். இப்போது பல ஊர்களில் 'நட்புக் குடும்பம்' என்கிறார்கள். புறநகர்ப் பெற்றோர் தங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பாஸ்டன் வீட்டுக்கும் போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறார்கள்.