நீளமான கட்டுரைக்குக் கூடுதல் மதிப்பெண் கிடைக்குமா? தேர்வு விதிகள் கூறுவது என்ன?

பூதிகோட்டை: கர்நாடக மாநிலம், கோலார் தங்கவயல் வட்டாரத்தில் உள்ள பூதிகோட்டை போன்ற ஊர்களிலிருந்து மத்திய குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் தமிழ் மாணவர்கள், அதன் முதன்மைத் தேர்வில் கட்டுரைத் தாளைத் தமிழிலேயே எழுதலாம். கர்நாடக அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் முதன்மைத் தேர்விலோ கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மட்டுமே விடையளிக்க இயலும். இதனால் தமிழில் எழுத விரும்புவோருக்கு மத்தியத் தேர்வின் கட்டுரைத் தாள் முக்கியமான வாய்ப்பாகும். அதில் பக்கங்களை நிரப்பினால் மதிப்பெண் கூடுமா என்ற ஐயம் பலருக்கு உள்ளது.

விதி என்ன?

1993-ஆம் ஆண்டு அறிமுகமான கட்டுரைத் தாளுக்குத் தற்போது 250 மதிப்பெண்கள். மூன்று மணி நேரத்தில், இரு பிரிவுகளிலிருந்து தலா ஒரு தலைப்பைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் 1,000 முதல் 1,200 சொற்களுக்குள் எழுத வேண்டும். தலைப்பை விட்டு விலகாமல், கருத்துகளை முறையாக வரிசைப்படுத்தி, சுருக்கமாக எழுத வேண்டும் என்று பாடத்திட்டம் அறிவுறுத்துகிறது. துல்லியமான வெளிப்பாட்டுக்கே மதிப்பெண் என்றும் அது தெளிவுபடுத்துகிறது.

அமெரிக்காவில் எழுந்த விவாதம்

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 2005-ஆம் ஆண்டு 25 நிமிடக் கட்டுரைப் பகுதி சேர்க்கப்பட்டது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் லெஸ் பெரல்மேன், வெளியிடப்பட்ட மாதிரிக் கட்டுரைகளை ஆராய்ந்தார். படிக்காமலேயே, நீளத்தை மட்டும் பார்த்து மதிப்பெண்ணைப் பெரும்பாலும் சரியாகக் கணிக்க முடிகிறது என அவர் கூறினார். கட்டுரைப் பகுதி 2016-ஆம் ஆண்டு விருப்பப் பாடமாக மாற்றப்பட்டு, 2021-ஆம் ஆண்டு பொதுவான தேர்வு நாள்களில் கைவிடப்பட்டது.

எனினும், நீளமே மதிப்பெண் தருகிறது என்று இதிலிருந்து முடிவு செய்ய இயலாது. சொல்வதற்குக் கருத்தும் சான்றும் உள்ளவர்கள் இயல்பாகவே அதிகம் எழுதுகின்றனர். மேலும், எஸ்ஏடி கட்டுரைக்குச் சொல் வரம்பு இல்லை. குடிமைப் பணித் தேர்வில் அது உண்டு.

குறைவாக எழுதுவதும் பாதிக்கும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வின் இரண்டாம் எழுத்துப் பணியில் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும்.

தமிழில் எழுதுவோர் கவனத்திற்கு

'வந்துகொண்டிருக்கிறார்கள்' என்பது தமிழில் ஒரே சொல்; ஆங்கிலத்தில் அதற்கு மூன்று சொற்கள் தேவை. எனவே அதே 1,000 சொற்களில் தமிழில் கூடுதல் கருத்துகளைக் கூறலாம். ஆனால் சொற்கள் நீளமானவை என்பதால் கையால் எழுத அதிக நேரம் பிடிக்கும். ஒரு கட்டுரைக்குக் கிடைக்கும் 90 நிமிடங்களில் 20 நிமிடத்தைத் திட்டமிடுவதற்கு ஒதுக்கினால், 1,200 சொற்களை முடிக்க நிமிடத்துக்குச் சுமார் 17 சொற்கள் எழுத வேண்டியிருக்கும். 1,000 சொற்களுக்கு 14 போதும்.

ஆகவே, வரம்பின் மேல் எல்லையை எட்டுவதற்காகச் சொன்னதையே திரும்பச் சொல்வதைவிட, கீழ் எல்லையைக் கடந்ததும் முடிவுரையைச் செம்மையாக எழுதி நிறைவு செய்வதே பாடத்திட்டத்தின் எதிர்பார்ப்புக்குப் பொருந்தும்.