மாற்றுத்திறனாளிகள் கணக்கெடுப்பும் வேலைவாய்ப்பும்: பத்மநாபபுரத்தை முன்வைத்து ஒரு வரலாறு

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் உள்ள பத்மநாபபுரம், பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை திருவிதாங்கூர் அரசின் தலைநகராக விளங்கிய ஊர். இன்று அது ஒரு நகராட்சி. வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 21,342 பேர் வாழ்ந்தனர்.

இவர்களில் மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் இருக்கலாம் என்று மாநிலச் சராசரியைக் கொண்டு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2001 கணக்கெடுப்பில் தமிழக மக்கள்தொகையில் மாற்றுத்திறனாளிகளின் பங்கு 2.63 விழுக்காடு. அந்த விகிதத்தில் பார்த்தால் பத்மநாபபுரத்தில் சுமார் 560 பேர் இருக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் அதே பங்கு 1.64 விழுக்காடு. அதன்படி சுமார் 350 பேர்தான். இது ஊரில் எடுத்த கணக்கு அல்ல, வெறும் விகிதக் கணக்கு. ஆயினும் விடுபடும் 210 பேர் யார் என்ற கேள்வி எழாமல் இராது. பத்தே ஆண்டுகளில் அத்தனை பேர் குணமடைந்திருக்க முடியாது. மாறியது அவர்களுடைய உடல்நிலை அன்று. படிவத்தில் இருந்த கேள்வி.

ஒருவருக்கு வேலை தேடித் தர வேண்டிய அலுவலகத்துக்கு முதலில் அவர் இருப்பது தெரிய வேண்டும். அவரால் என்ன செய்ய முடியும் என்பதும், எங்கே இடம் காலியாக உள்ளது என்பதும் தெரிய வேண்டும். இந்தியாவில் இந்த மூன்று கணக்குகளும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு அலுவலகங்களில், வெவ்வேறு நோக்கங்களுக்காகப் பிறந்தவை. அவற்றைச் சேர்த்துப் படிக்கும் வழக்கம் மிகத் தாமதமாகவே ஏற்பட்டது.

திருவிதாங்கூர் காலம்

திருவிதாங்கூரில் வீடுவீடாகச் சென்று எடுக்கப்பட்ட முறையான கணக்கெடுப்பு 1875இல் வி. நாகமய்யாவின் பொறுப்பில் நடந்தது. சமஸ்தானத்தின் மக்கள்தொகை 23,11,379 என்று அது காட்டியது. 1881 முதல் 1931 வரை இந்தியாவெங்கும் நடந்த ஆறு கணக்கெடுப்புகளிலும் உடற்குறை பற்றிய கேள்வி இருந்தது. மனநிலை பிறழ்ந்தவர், பிறவியிலேயே காது கேளாத வாய் பேசாதவர், இரு கண்ணும் தெரியாதவர், தொழுநோயாளி என்ற நான்கு வகையினர் மட்டுமே குறிக்கப்பட்டனர். ஒரு கண் மட்டும் தெரியாதவரை எழுத வேண்டாம், பிற்பாடு செவித்திறன் இழந்தவரை எழுத வேண்டாம், வெண்தழும்பு உள்ளவரைத் தொழுநோயாளி என்று எழுத வேண்டாம் என்ற அறிவுரைகளும் கணக்கெடுப்பாளர்களுக்குத் தரப்பட்டன.

இந்த நான்கு வகைகளில் கை கால் இழந்தவருக்கு இடமில்லை. கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பனையேற்றம் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பாக இருந்த காலம் அது. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்தவரும், கால் முடமானவரும் ஊருக்கு ஊர் இருந்திருப்பர். வேலை செய்ய முடியாமல் போனவர்களுள் கண்முன் தெரிந்த ஒரு கூட்டமே அரசின் கண்ணில் படவில்லை. காரணம் எளிது. அக்கணக்கு வேலைவாய்ப்புக்காக எடுக்கப்பட்டதே அன்று. நோய்ப் பரவலையும் மருத்துவமனைத் தேவையையும் அறிவதே அதன் நோக்கம். தொழுநோயையும் மனநோயையும் குடும்பங்கள் மறைத்தன என்பதும், எண்கள் நம்பத்தக்கவை அல்ல என்பதும் கணக்கெடுப்பு அதிகாரிகளே ஒப்புக்கொண்ட செய்தி. 1941இல் கேள்வி கைவிடப்பட்டது.

ஐம்பது ஆண்டு இடைவெளி

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்துடன் இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. வேலைவாய்ப்பு அலுவலகங்களின் அன்றாட நிர்வாகம் மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குக் கைமாறியதும் அதே நாளில்தான் என்பது பலர் கவனிக்காத ஒற்றுமை. அந்த அலுவலகங்கள் இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்களுக்கு மறுவாழ்வு அளிக்க 1945இல் தொடங்கப்பட்டவை. பின்னரே பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டன.

அதே போரின் விளைவாக இங்கிலாந்தில் 1944இல் இயற்றப்பட்ட சட்டம் வேறு வழியில் சென்றது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஒரு தேசியப் பதிவேடு, 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீட்டுக் கடமை என இரண்டையும் அது ஒன்றோடொன்று பிணைத்தது. அங்கும் பெரும்பாலான நிறுவனங்கள் அந்த அளவை எட்டவில்லை. ஆனால் எட்டவில்லை என்பதையாவது சொல்ல அங்கே ஒரு கணக்கு இருந்தது.

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகளுக்கான முதல் தனி வேலைவாய்ப்பு அலுவலகம் 1959இல் பம்பாயில் திறக்கப்பட்டது. காலியிடங்களைக் கட்டாயமாக அறிவிக்கச் செய்யும் சட்டமும் அதே ஆண்டில் வந்தது. அரசு அலுவலகங்களும், 25 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் தனியார் நிறுவனங்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊழியர் எண்ணிக்கையையும் காலியிடங்களையும் தெரிவிக்க வேண்டும் என்று அது விதித்தது. தெரிவித்தால் போதும், அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இருக்கவில்லை. இந்த ஓட்டையைப் புரிந்துகொண்டால் பிந்தைய வரலாற்றில் பாதி விளங்கிவிடும்.

1951, 1961, 1971 கணக்கெடுப்புகளில் மாற்றுத்திறனாளிகள் பற்றிய கேள்வி இல்லை. ஆகவே கன்னியாகுமரி மாவட்டம் தோன்றிய பின் முதல் கால் நூற்றாண்டில் இங்கே எத்தனை மாற்றுத்திறனாளிகள் இருந்தனர் என்பதைக் கணக்கெடுப்பிலிருந்து அறிய வழியே இல்லை.

1981 சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டு. அதையொட்டிக் கேள்வி மீண்டும் வந்தது. ஆனால் ‘முற்றிலும்’ பார்வையற்றவர், ‘முற்றிலும்’ முடமானவர், ‘முற்றிலும்’ பேச இயலாதவர் மட்டுமே எண்ணப்பட்டனர். கிடைத்த விடை நாடு முழுவதற்கும் சுமார் 11 லட்சம். அதே ஆண்டில் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் மாதிரி முறையில் விரிவாக விசாரித்தபோது கிடைத்த மதிப்பீடு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம். ஒரே நாடு, ஒரே ஆண்டு, பத்து மடங்கு வேறுபாடு. புள்ளியியல் மாணவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது அரிது. 1991இல் கேள்வி மறுபடியும் நீக்கப்பட்டது.

2001இல் கிடைத்ததும் 2011இல் குறைந்ததும்

1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் அரசுப் பணிகளில் 3 விழுக்காடு ஒதுக்கியது. ஒதுக்கீடு வந்தும் ஆட்களின் கணக்கு இல்லை. 2001 கணக்கெடுப்புப் படிவத்திலும் இக்கேள்வி இடம்பெறாது என்ற நிலை ஏற்பட்டபோது மாற்றுத்திறனாளி அமைப்புகள் போராடின. டெல்லியில் ஜாவேத் அபிதி முன்னின்று நடத்திய இயக்கம் இதில் முக்கியமானது. இறுதியில் 15ஆவது கேள்வியாக அது சேர்க்கப்பட்டது. நாடு முழுவதும் 2 கோடியே 19 லட்சம் பேர் கணக்கில் வந்தனர். தமிழ்நாட்டில் 16,42,497 பேர்.

2011இல் இந்திய எண்ணிக்கை 2 கோடியே 68 லட்சமாக உயர்ந்தது. தமிழ்நாட்டு எண்ணிக்கையோ 11,79,963 ஆகக் குறைந்தது. வகைவாரியாகப் பார்த்தால் குறைவு எங்கே நேர்ந்தது என்பது தெளிவாகிறது. பார்வைக் குறைபாடு உள்ளோர் 2001இல் 9,64,063 பேர். 2011இல் 1,27,405 பேர். 2001 விதிப்படி ஒரு கண் பார்வை மட்டும் உள்ளவரும், பார்வை மங்கலாக இருந்தும் கண்ணாடி போட்டுச் சோதித்துப் பார்க்காதவரும் கணக்கில் சேர்ந்தனர். 2011 விதியில் ஒரு கண் பார்வை உள்ளவர் இடம்பெறவில்லை. நூறு ஆண்டுகளுக்கு முந்தைய அறிவுரை வேறு உருவில் திரும்பி வந்துவிட்டது. அதே நேரத்தில் செவித்திறன் குறைந்தோர் 72,636இலிருந்து 2,20,241 ஆக மூன்று மடங்காயினர். 2001இல் இல்லாத ‘பிற’ என்ற வகையில் மட்டும் 2,38,392 பேர்.

மொத்த எண்ணை மட்டும் பார்த்துத் திட்டம் தீட்டும் அதிகாரி, தமிழ்நாட்டில் தேவை குறைந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடும். வகைவாரியாகப் பார்ப்பவருக்குத் தெரிவது வேறு: சைகைமொழி தெரிந்த பயிற்றுநர்கள் அதிகம் தேவை, பெரும் பகுதியினருக்குக் கண்ணாடியும் கண் சிகிச்சையுமே தேவையாக இருந்திருக்கலாம்.

ஒதுக்கீட்டுக் கணக்கு

ஆட்களின் கணக்கைப் போலவே இடங்களின் கணக்கிலும் சிக்கல் இருந்தது. 3 விழுக்காடு என்பது எதில் 3 விழுக்காடு? ஓர் அலுவலகத்தில் உயர்நிலைப் பணிகளில் 100 காலியிடங்கள் உள்ளன என்று கொள்வோம். அவற்றில் 20 மட்டுமே மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என அடையாளம் காணப்பட்டவை. 20இல் 3 விழுக்காடு ஓர் ஆளுக்கும் குறைவு. 100இல் 3 விழுக்காடு மூன்று ஆட்கள். அரசு முதல் வழியையே பின்பற்றி வந்தது. 2013 அக்டோபர் 8 அன்று, தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, மொத்தக் காலியிடங்களின் அடிப்படையிலேயே கணக்கிட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பு நடத்திய வழக்கு அது. எல்லா அரசு நிறுவனங்களிலும் உள்ள காலியிடங்களை மூன்று மாதத்தில் கணக்கிடுமாறும் அத்தீர்ப்பு ஆணையிட்டது. சட்டம் வந்து 17 ஆண்டுகளுக்குப் பின்னும் அந்தக் கணக்கை எடுக்குமாறு நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

ஒவ்வொரு அலுவலகத்திலும் நூறு புள்ளிகள் கொண்ட ஒரு சுழற்சிப் பதிவேடு உண்டு. ஒதுக்கீடு 4 விழுக்காடாக உயர்ந்தபின் மத்திய அரசு அலுவலகங்களில் நூறு புள்ளிகளும் 25 புள்ளிகள் கொண்ட நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. ஒவ்வொரு பகுதியிலும் ஓர் இடம் மாற்றுத்திறனாளிக்கு உரியது. அந்தப் பதிவேட்டைப் பார்த்தால்தான் நிரப்பப்படாமல் கிடக்கும் இடங்கள் தெரியும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்தபின் அதைக் கேட்டுப் பெறச் சாதாரண மனிதருக்கும் வழி பிறந்தது. 2021 ஜனவரியில் மத்திய அரசு 3,566 பணியிடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என வகைப்படுத்தி வெளியிட்டது. எந்தப் பணி, எவ்வகைக் குறைபாடு உள்ளவருக்கு ஏற்றது, நிற்கவோ எழுதவோ பார்க்கவோ வேண்டியிருக்குமா என்ற விவரங்கள் அதில் உள்ளன.

பதிவேட்டுக்கு வெளியே

கன்னியாகுமரி 2011இல் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடம் பெற்ற மாவட்டம். படித்துவிட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பது இங்கே பழகிய வழக்கம். மாற்றுத்திறனாளிகள் பதிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பதிந்து ஓராண்டு ஆனவர்களுக்குத் தமிழக அரசு பத்தாம் வகுப்புக்கு 600 ரூபாய், மேல்நிலைக்கு 750 ரூபாய், பட்டத்துக்கு 1,000 ரூபாய் என மாத உதவித்தொகையைப் பத்தாண்டுகள் வரை வழங்குகிறது. உதவித்தொகை வேண்டியதே. ஆனால் பதிவேட்டில் உள்ள பெயர் வேலைக்குக் காத்திருப்பதைக் காட்டுகிறதா, உதவித்தொகை பெறுவதைக் காட்டுகிறதா என்பது எண்ணிக்கையிலிருந்து தெரியாது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க மறந்தவரின் பெயரோ நீங்கிவிடுகிறது.

பதிவேட்டுக்கு வெளியே இருப்போர் இதைவிடப் பலர். 2018ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி இந்திய மாற்றுத்திறனாளிகளில் 28.8 விழுக்காட்டினரிடம் மட்டுமே சான்றிதழ் இருந்தது. சான்றிதழ் இல்லாமல் மாற்றுத்திறனாளி என்று பதிய முடியாது. அதே ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்ட மாற்றுத்திறனாளிகளில் வேலையில்லாதோர் விகிதம் 4.2 விழுக்காடு என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நிலைமை மோசமில்லை என்றே தோன்றும். ஆனால் இவ்விகிதம் வேலை செய்வோரையும் தேடுவோரையும் மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. நூறு பேரில் 23 பேர் வேலை செய்கிறார்கள், ஒருவர் தேடுகிறார், 76 பேர் தேடவே இல்லை. இவர்களில் முதியவர்களும் மாணவர்களும் உண்டு. கிடைக்காது என்று தேடுவதை விட்டவரும், தக்கலையிலிருந்து நாகர்கோவிலுக்குப் பேருந்து ஏற முடியாததால் வீட்டோடு இருப்பவரும் உண்டு. பெண்களின் நிலை இன்னும் கீழே: 2011 கணக்கெடுப்பில் மாற்றுத்திறனாளி ஆண்களில் 47 விழுக்காட்டினர் உழைப்பாளர்கள், பெண்களில் 23 விழுக்காடு.

இவர்களைக் கணக்கெடுப்பின் வழியே பெயர் சொல்லிக் கண்டுபிடிக்கவும் இயலாது. 1948ஆம் ஆண்டின் கணக்கெடுப்புச் சட்டம் தனிநபர் விவரங்களை இரகசியமாகக் காக்கிறது. அது சரியானதும்கூட, அந்த உறுதி இல்லையென்றால் எந்தத் தாய் தன் பிள்ளையின் மனநலக் குறைபாட்டை முன்பின் தெரியாதவரிடம் சொல்வாள்? ஆகவே கணக்கெடுப்பு எண்ணிக்கையை மட்டுமே தரும். பெயரும் தேவையும் வேறு வழியில் திரட்டப்பட வேண்டும்.

2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றதோடு, ஒவ்வொரு நிறுவனமும் தன்னிடம் பணிபுரியும் மாற்றுத்திறனாளிகளின் விவரத்தையும், ஒவ்வொரு வேலைவாய்ப்பு அலுவலகமும் வேலை தேடும் மாற்றுத்திறனாளிகளின் விவரத்தையும் பதிந்து வைக்க வேண்டும் என்கிறது. தனித்துவ அடையாள அட்டை நாடு முழுவதும் ஒரே எண்ணைத் தருகிறது. உலக வங்கி 2022இல் 16.2 கோடி டாலர் கடன் ஒப்புதல் அளித்த ‘தமிழ்நாடு உரிமைகள் திட்டம்’ வீடுவீடான களக் கணக்கெடுப்பையும், மாவட்டத் தலைநகருக்குக் கீழுள்ள இடங்களில் ‘விழுதுகள்’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையங்களையும் கொண்டது. கணக்கெடுக்கச் செல்பவரே சான்றிதழ் இல்லாதவரைச் சான்றிதழ் முகாமுக்கு அனுப்பலாம் என்பதே இம்முறையின் வலிமை; கணக்கெடுப்புச் சட்டத்தின் கீழ் அது முடியாது.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. வழக்கம்போல் வீடுகளுக்குச் செல்பவர்களில் பலர் பள்ளி ஆசிரியர்களாகவே இருப்பார்கள். 2011க்குப் பின் பணியில் சேர்ந்தவர்களுக்கு இதுவே முதல் கணக்கெடுப்பு.