தண்டுவட மரப்பு நோயுடன் முனைப்பாக வாழ்தல்: வெயில் மிகுந்த கடலோரப் பகுதி மக்களுக்கான வழிகாட்டி

தண்டுவட மரப்பு நோய் எனத் தமிழில் வழங்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றைப் பாதிக்கும் நாள்பட்ட நோயாகும். மருத்துவர்கள் இதனைச் சுருக்கமாக எம்.எஸ். என்பர். இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும், உரிய சிகிச்சையாலும் திட்டமிட்ட அன்றாட வாழ்க்கையாலும் பலர் கல்வி, தொழில், குடும்பப் பொறுப்பு ஆகியவற்றைத் தொடர்ந்து நடத்தி வருகின்றனர். தேவிபட்டினம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர ஊர்களில் வாழும் நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருக்க வேண்டியவை இப்பக்கத்தில் தரப்பட்டுள்ளன.

நோயின் தன்மை

நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் என்னும் பாதுகாப்பு உறை உள்ளது. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இவ்வுறையைத் தவறுதலாகத் தாக்குவதால் நரம்புச் செய்திகள் தடைபடுகின்றன. பார்வை மங்குதல், கை கால் மரத்துப் போதல், நடையில் தள்ளாட்டம், கடும் சோர்வு, சிறுநீரை அடக்க இயலாமை ஆகியன முக்கிய அறிகுறிகளாகும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் நோய் வெளிப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் இது இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாகக் காணப்படுகிறது.

இது தொற்றுநோய் அன்று. பாவத்தின் பயனோ கிரக தோஷமோ அன்று. வழிபாடு மன அமைதியைத் தரலாம். அதனை நம்பி மருந்தை நிறுத்துதல் கூடாது.

வெப்பத்தால் வரும் தளர்ச்சியும் மறுதாக்குதலும்

உடல் வெப்பம் சிறிதளவு உயர்ந்தாலும், உறை சிதைந்த நரம்புகளில் செய்தி கடத்தப்படுவது மேலும் தடைபடும். அதனால் வெயிலில் நடந்தபின் அல்லது அடுப்பருகே நின்றபின் பார்வை மங்கலாம், கால் கனக்கலாம். ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தோஃப் 1890ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். உடல் குளிர்ந்ததும் இந்நிலை மாறிவிடும். இதனால் நரம்புகளுக்குப் புதிய சேதம் ஏற்படுவதில்லை.

மறுதாக்குதல் என்பது வேறு. அப்போது நரம்புகளில் புதிய அழற்சி ஏற்படுகிறது. இரண்டையும் வேறுபடுத்தி அறிவதே தன்னைத் தானே பேணுதலின் முதற்படியாகும். வேறுபாடு அறியாதவர் ஒவ்வொரு வெயில் நாளிலும் அஞ்சுவர்; அல்லது உண்மையான மறுதாக்குதலையும் வெயிலின் விளைவு என்று எண்ணிக் காலம் கடத்துவர்.

• நிழலில் ஓய்வெடுத்து உடலைக் குளிர்வித்தபின் அறிகுறி குறைந்தால், அது பெரும்பாலும் வெப்பத்தால் வந்த தளர்ச்சியாகும்.
• காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருப்பின் பழைய அறிகுறிகள் மீண்டும் தோன்றலாம். முதலில் தொற்றுக்குச் சிகிச்சை பெற வேண்டும்.
• காய்ச்சலோ தொற்றோ இன்றி, புதிய அறிகுறியோ மோசமடைந்த பழைய அறிகுறியோ 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுதாக்குதலாக இருக்கலாம். தாமதமின்றி நரம்பியல் மருத்துவரை அணுக வேண்டும்.

அறிகுறி தொடங்கிய நாள், நேரம், அன்றைய வேலை, காய்ச்சல் உண்டா என்பவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தால் மருத்துவர் முடிவெடுக்க எளிதாகும்.

அன்றாட வாழ்வில் கவனிக்க வேண்டியவை

• வலை பின்னுதல், கருவாடு காயவைத்தல், சந்தைக்குச் செல்லுதல் போன்ற வேலைகளைக் காலையிலோ மாலையிலோ வைத்துக்கொள்க. கத்திரி வெயில் நாள்களில் நண்பகலில் வெளியே செல்வதைத் தவிர்க்க.
• கழுத்திலும் தலையிலும் ஈரத்துணி இடுதல், பருத்தி ஆடை அணிதல், குளிர்ந்த நீர் அருந்துதல் ஆகியன உதவும். வெந்நீர்க் குளியலைத் தவிர்ப்பது நல்லது.
• சிறுநீர் அவசரத்துக்கு அஞ்சித் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கக் கூடாது. அது சிறுநீர்த் தொற்றுக்கு வழிவகுக்கும்.
• தள்ளாட்டமோ பார்வைக் குறையோ உள்ளவர் தனியே படகில் செல்லுதலும் கடலில் இறங்குதலும் ஆபத்தானவை. நவபாஷாணத்திலோ இராமேசுவரத்தின் 22 தீர்த்தங்களிலோ நீராட விரும்புவோர், கூட்டமும் வெயிலும் குறைந்த வேளையில் துணையுடன் செல்க. ஈரமான படிகளில் வழுக்கி விழாதிருக்கக் கைப்பிடி தேவை.
• சோர்வு என்பது சோம்பல் அன்று, நோயின் அறிகுறியே. பெரிய வேலையைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, இடையிடையே ஓய்வெடுத்துச் செய்க.
• புகைபிடித்தல் நோயை விரைவுபடுத்தும், முற்றிலும் கைவிடுக.

சிகிச்சை

எம்.ஆர்.ஐ. ஸ்கேன், முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனை, இரத்தப் பரிசோதனைகள் ஆகியவற்றைக் கொண்டு நோய் உறுதி செய்யப்படுகிறது. நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா என்னும் மற்றொரு நோயும் இதே அறிகுறிகளைக் காட்டும். எம்.எஸ். நோய்க்குரிய சில மருந்துகள் அந்நோயை மோசமாக்கக் கூடும். எனவே மருத்துவர் கூறும் பரிசோதனைகளைத் தவிர்த்தல் கூடாது.

மறுதாக்குதலின்போது பொதுவாக மூன்று முதல் ஐந்து நாள்கள் சிரை வழியாக ஸ்டீராய்டு மருந்து செலுத்தப்படுகிறது. மறுதாக்குதல்களைக் குறைப்பதற்கெனத் தனியே மருந்துகள் உள்ளன. இவற்றை உடல் நலமாக இருக்கும் காலத்திலும் தொடர வேண்டும். மருந்து தொடங்கும் முன் காசநோய், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கான பரிசோதனை பல மருந்துகளுக்கு அவசியம். இம்மருந்துகளில் சில கருவுக்குத் தீங்கானவை. ஆதலால் குழந்தை பெற விரும்பும் பெண்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கூறித் திட்டமிட வேண்டும். இந்நோய் உள்ளவர்கள் தாய்மை அடையத் தடையில்லை.

இன்டர்ஃபெரான் போன்ற ஊசி மருந்துகளைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைக்க வேண்டும். பயணத்தின்போது மீன் ஐஸ் பெட்டியில் ஐஸ் மீது நேரடியாக வைத்தால் மருந்து உறைந்து கெட்டுவிடும். துணியில் சுற்றி, ஐஸ் படாதவாறு எடுத்துச் செல்க.

பராமரிப்பாளர்களுக்கு

நோயாளி செய்யக்கூடிய வேலைகளை அவரே செய்ய விடுங்கள். கேட்கும் இடத்தில் மட்டும் உதவுங்கள். வெளியில் தெரியாத சோர்வையும் வலியையும் நம்புங்கள். நோயாளிக்கு மனச்சோர்வு ஏற்படுவது இந்நோயில் மிகுதி. அது சிகிச்சையால் குணமாகும். நோயாளியும் பராமரிப்பவரும் 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இலவச மனநல ஆலோசனை பெறலாம். பராமரிப்பவரும் போதிய உறக்கமும் ஓய்வும் பெற வேண்டும்; குடும்பத்தினர் முறை வைத்துப் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது நன்று.

அரசின் உதவிகள்

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 அங்கீகரித்துள்ள 21 வகைக் குறைபாடுகளுள் இந்நோயும் ஒன்றாகும். அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழுடன் தனித்துவ அடையாள அட்டை பெறலாம். பாதிப்பு 40 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பின் பெரும்பாலான நலத்திட்டங்களுக்குத் தகுதி உண்டு. தண்டுவட மரப்பு நோயாளிகளுக்குத் தமிழ்நாடு அரசு மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகை வழங்குகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

தேவிபட்டினம் பகுதியினர் முதலில் இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அணுகலாம். மேல் சிகிச்சைக்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நரம்பியல் துறை உள்ளது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியே இயன்முறை சிகிச்சையை வீட்டிலேயே பெறலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிக. இழுவைப் படகுத் தொழிலில் உள்ள குடும்பத்தினர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தை மருத்துவப் பரிசோதனைக்கும் சான்றிதழ் பெறுவதற்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

உடனடியாக மருத்துவமனை செல்ல வேண்டிய நிலைகள்

• திடீரெனப் பார்வை இழத்தல்
• கை கால்கள் விரைவாகச் செயலிழத்தல்
• சிறுநீர் முற்றிலும் அடைபடுதல்
• விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்படுதல்
• நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வருதல்

அவசர ஊர்திக்கு 108, மருத்துவ ஆலோசனைக்கு 104 ஆகிய எண்களை அழைக்கலாம்.