ஹந்தானையின் பிற்பகல் இடிமழை: எதிர்வுகூறலின் அலகு குறித்து

மார்ச், ஏப்ரல் மாதங்களின் இடைப்பருவக் காலத்தில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை பெரும்பாலும் ஒரே செய்தியைச் சொல்லும்: மத்திய, சப்ரகமுவ, ஊவா மாகாணங்களில் பல இடங்களில் பிற்பகலிலோ இரவிலோ இடியுடன் கூடிய மழை. இந்த எதிர்வுகூறல் அநேகமாகப் பலித்துவிடுகிறது. ஆனால் பலிப்பதை மட்டும் வைத்து அதன் திறனை மதிப்பிட முடியாது. இலங்கை மழையின் பருவத் தாளத்தைப் புவியியலாளர் ஜோர்ஜ் தம்பையாபிள்ளை 1954இலேயே இலங்கைப் பல்கலைக்கழக ஆய்விதழில் விரிவாக எழுதிவிட்டார். ஏப்ரல் மாதத்துப் பிற்பகலில் மலைநாட்டில் எங்கோ இடி இடிக்கும் என்பது அந்தத் தாளத்திலேயே அடங்கியிருக்கிறது. அதற்கு மேலாக ஓர் அறிக்கை என்ன சொல்கிறது என்பதே கேள்வி. மாகாணம், நாள் என்ற அலகுகளை விட்டு, மலைச்சரிவு, மணித்தியாலம் என்ற அலகுகளுக்கு நாம் வரவேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இடிமழை எதிர்வுகூறலில் உலகுக்கு வழிகாட்டியது அமெரிக்கச் சமவெளி. ஒக்லஹோமாவின் நோர்மன் நகரிலுள்ள புயல் எதிர்வுகூறல் மையம், வளியின் உறுதியின்மையையும் உயரத்துக்கு உயரம் காற்று மாறும் விதத்தையும் அளந்து, எந்தப் பகுதியில் புயல் திரளும் என்று முன்கூட்டியே வரைகிறது. அங்கே மேல்மட்டக் காற்று வலுவாக வீசுவதால் ஒரே இடிப்புயல் பல மணித்தியாலம் உயிர்வாழ்ந்து மாவட்டங்களைக் கடந்து செல்லும். திரண்ட புயலின் பாதையைத் தொடர்ந்தால், அடுத்த ஊருக்கு எச்சரிக்கை விடுக்க அவகாசம் கிடைக்கும்.

ஹந்தானையில் நிலைமை வேறு. மழைமுகில் திரளும் இடத்தை இங்கே மலையே பெரும்பாலும் தீர்மானித்துவிடுகிறது. வடகிழக்கே கண்டி நகரும் மேற்கே பேராதனையும் ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் கிடக்க, நடுவே மலைத்தொடர் 1,100 மீற்றருக்கு மேல் எழுகிறது. தெளிந்த காலையில் வெயில் சரிவுகளைச் சூடாக்க, மகாவலிப் பள்ளத்தாக்கிலிருந்து ஈரக்காற்று மேலேறத் தொடங்கும். முற்பகலின் பிற்பகுதியில் முகட்டுக்கு மேல் வெண்முகில்கள் குவியும். மேற்கிலிருந்து வரும் கடற்காற்றும் சேர்ந்துகொண்டால் மேற்காவுகை வலுக்கும்; வெண்முகில் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே திரள்கார்முகிலாகிவிடலாம். இடைப்பருவத்தில் மேல்மட்டக் காற்று வலுவிழந்திருக்கும். அதனால் முகில் நகராமல், எழுந்த சரிவிலேயே நீரைக் கொட்டித் தீர்க்கிறது. ஒரு சரிவில் கால்வாய் உடைத்து ஓடும் மழை, மறுசரிவில் தூறலாகக்கூட விழாமல் போகலாம். ஆகவே ஹந்தானைக்குத் தேவைப்படும் விடை, எந்தச் சரிவில், எத்தனை மணிக்கு, எவ்வளவு என்பதே.

நம்மிடமுள்ள கருவிகள் இந்த விடையைத் தருமா? ஐரோப்பிய வானிலை எதிர்வுகூறல் மையத்தின் உலக மாதிரி 9 கிலோமீற்றர் வலைக்கண்ணில் கணிக்கிறது. சில கிலோமீற்றர் அகலமுள்ள ஹந்தானை அதில் மழுங்கிய மேடாகிவிடுகிறது. ஜப்பானின் ஹிமவாரி செய்மதி 10 நிமிடத்துக்கு ஒரு படம் தந்தாலும் இலங்கையைச் சாய்வாகவே பார்க்கிறது. ஜப்பானிய உதவியுடன் புத்தளத்திலும் பொத்துவிலிலும் டொப்ளர் ராடார் நிறுவ 2017இல் உடன்பாடு காணப்பட்டது. புத்தளத்திலிருந்து ஹந்தானை சுமார் 120 கிலோமீற்றர். அரைப் பாகை உயர்த்திய ராடார் கதிர், புவியின் வளைவையும் சேர்த்துக் கணக்கிட்டால், இங்கே கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீற்றர் உயரத்தில் செல்லும். முகிலின் நடுப்பாகம் அதற்குத் தெரியும். சரிவில் விழும் மழையின் அளவு நேரடியாகத் தெரியாது. ராடார் அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆயினும் அதன் குறையை நிரப்பத் தரையில் மழைமானி வேண்டும்.

மலைநாட்டில் மழைமானிக்குப் பஞ்சமில்லை. தோட்டங்கள் தலைமுறைகளாக மழையை அளந்து வருகின்றன. ஆனால் வழமையான மானியைக் காலை 8.30க்கு, நாளுக்கு ஒரு தடவைதான் வாசிக்கிறார்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வரம்புகளை இதனுடன் பொருத்திப் பாருங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு நிலை, 100 மி.மீ. என்றால் எச்சரிக்கை, 150 மி.மீ. என்றால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மி.மீ. பெய்தால், வெளியேற்றம். பிற்பகல் 3 மணிக்கும் 4 மணிக்கும் இடையில் ஒரு சரிவில் 80 மி.மீ. கொட்டியதாக வைத்துக்கொள்வோம். மறுநாள் காலை பதிவேட்டில் அது முதற்படி விழிப்பாகவே தோன்றும். உண்மையில் அந்தச் சரிவிலுள்ள லயத்து மக்கள் முதல் நாள் மாலையே வீட்டைவிட்டு வெளியேறியிருக்க வேண்டும். நிறுவனத்தின் தன்னியக்க மானிகள் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை. ஆனால் சரிவுக்குச் சரிவு மாறும் மழையை, தொலைவிலுள்ள ஒரு மானி பிடித்துவிடாது.

அலகைச் சிறிதாக்கினால் பொய் எச்சரிக்கை பெருகும் என்ற எதிர்வாதம் வலுவானது. அதன் விலையைக் கொடுப்பவர் கொழுந்து பறிக்கும் பெண். இடிமழை உச்சம் பெறும் பிற்பகலில்தான் அவர் திறந்த மலையில் கூடையுடன் நிற்கிறார். எச்சரிக்கை கேட்டு இறங்கினால் அன்றைய கிலோக் கணக்கு குறையும், சம்பளமும் குறையும். இறங்காவிட்டால் மின்னலுக்கு நடுவே நிற்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணித் தூரம் கணிக்கும் வழியும், முகடு மின்னலை மறைக்கும் இடத்தில் நம்பத்தக்கதன்று. ஆகவே வேலை நிறுத்தப்படும் நேரத்தை வேலைநேரமாகவே கணக்கிடும் உடன்பாடு இல்லாமல், எந்த நுண்ணிய எதிர்வுகூறலும் அவருக்குப் பயன்படாது. குடியிருப்புக்கும் இதுவே பொருந்தும். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவில் லயங்கள் புதைவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அந்த இடம் ஆபத்தானது என்று அறிவிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்பான மாற்றிடம் கொடுக்காமல் விடுக்கும் எச்சரிக்கை மக்களைக் காப்பதில்லை.

திணைக்களமும் ஆராய்ச்சி நிறுவனமும் தோட்ட நிர்வாகங்களும் செய்யவேண்டியது பெருஞ்செலவானதன்று. ஹந்தானையின் ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் 15 நிமிடத்துக்கு ஒரு தடவை தரவு அனுப்பும் மழைமானி ஒன்றை நிறுவ வேண்டும். அந்தத் தரவு இரு நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் கிடைக்க வேண்டும். வரம்பு தாண்டியதும் வெளிக்கள உத்தியோகத்தரின் தொலைபேசிக்குத் தமிழிலும் சிங்களத்திலும் செய்தி போக வேண்டும். அடுத்த மார்ச் மாதத்துக்கு முன் இதைத் தொடங்குமாறு இவ்விதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.