வண்டி மையும் திமிங்கிலமும்

ஜூன் பிறந்து குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது. மாமாவின் பழைய ஆட்டோமேட்டிக் காரில் செங்கோட்டை வழியாக ஆரியங்காவு ஏறலாம் என்று கிளம்பினேன். தென்காசியில் மெக்கானிக் அண்ணாச்சி மறித்தார்.

"ஏல, ஏத்தத்துல போப்போற, கியர் ஆயில் பாத்தியா?"

நான் பார்த்தது வைப்பர் தண்ணீரை மட்டும்தான். அதிலும் துணி சோப்புத்தூளைக் கரைத்து ஊற்றியிருந்தேன். தூள் படிந்து குழாய் அடைத்திருந்தது. அதற்குத் தனியாக ஏச்சு விழுந்தது.

சமதரையில் வண்டியை நிறுத்தி, சூடேறும்வரை இன்ஜினை ஓடவிட்டார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அளவுக்கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். புதிதில் இந்த ஆயில் செக்கச்செவேல் என்று இருக்கும். இன்ஜின் ஆயிலோடு குழம்பிவிடாமலிருக்கச் சாயம் போடுகிறார்கள். எங்களுடையது காப்பி நிறத்தில், தீய்ந்த வாடையோடு வந்தது. அளவும் குறைவு. கியர் ஆயில் எரிந்து தீராது. குறைந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம்.

"அந்தக் காலத்துல அச்சுக்கு மை போடாம மாட்ட பூட்டமாட்டான்" என்றார்.

வண்டி மை என்பது வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும். பட்டிக்காட்டுச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 1909இல் இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டின் கம்பெனி, ஆமணக்கு எண்ணெய் கலந்த ஆயிலுக்கு அதன் ஆங்கிலப் பெயரிலிருந்தே 'காஸ்ட்ரால்' என்று பெயர் வைத்தது. முதல் உலகப் போரின் விமானங்கள் பலவும் விளக்கெண்ணெயில்தான் பறந்தன.

ஆட்டோமேட்டிக் கியருக்கு அது போதாது. 1940ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் ஜெனரல் மோட்டார்ஸ் 'ஹைட்ரமேட்டிக்' கியரைக் கொண்டுவந்தது. அதற்குள் இருக்கும் ஆயிலுக்கு ரெண்டுங்கெட்டான் வேலை: பல்சக்கரங்களுக்கு வழுக்க வேண்டும், கிளட்ச் தகடுகளுக்கு அளவாகப் பிடிக்கவும் வேண்டும். சூட்டிலும் அழுத்தத்திலும் உலோகத்தை விடாமல் ஒட்டிக்கொள்ளும் ஒரு பொருள் கடலில் கிடைத்தது. ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலும் உடம்பிலும் இருந்து எடுக்கும் எண்ணெய். உண்மையில் அது திரவ மெழுகு. (கடத்தல் செய்திகளில் அடிபடும் அம்பர்கிரிஸும் இதே பிராணியின் வயிற்றுச் சரக்குதான்.) 1949இல் வந்த 'டைப் ஏ' ஆயிலில் அது கலந்திருந்தது. சிக்னலில் கியர் அலுங்காமல் மாறுவதற்காகத் திமிங்கிலம் செத்தது என்பதை எனக்கு இன்னும் நம்ப முடியவில்லை.

1970இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தை அழியும் உயிரினப் பட்டியலில் சேர்த்தது. எண்ணெய் இறக்குமதியும் நின்றது. இரக்கத்தால் மட்டும் கியர் மாறாதே. ஆயில் கம்பெனிகள் ரசாயனங்களோடு மல்லுக்கட்டின. ஹோஹோபா என்ற பாலைவனச் செடியின் விதையிலும் அதே மாதிரி திரவ மெழுகு இருப்பதால் அதற்குத் திடீர் மவுசு வந்தது. 70களில் திமிங்கிலம் கலக்காத புது ஆயில்கள் வந்துவிட்டன.

அண்ணாச்சி கசிந்த சீலை மாற்றி, காரின் கையேட்டில் போட்டிருந்த அதே ரக ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளந்தார். இப்போது வரும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் அந்தக் கம்பியே கிடையாதாம். "ஆயுசுக்கும் பாக்க வேண்டாம்னு சொல்லுதாவோ. யாரு ஆயுசுக்குன்னு கேளுல."

வைப்பர் குழாயை ஊதிக் கழுவி, நல்ல தண்ணீரில் கண்ணாடிக்கென்றே விற்கும் திரவத்தைக் கலந்து ஊற்றினார். புளியரை தாண்டும்போது முன்னால் போன லாரி சேற்றை வாரி அடித்தது. பொத்தானை அமுக்கினேன். பீய்ச்சியது.