புதிய கணினியில் இயங்குதளம் ஏறவில்லையா? கடைக்குப் பஸ் ஏறமுன் பார்க்க வேண்டியவை

முல்லைத்தீவு நகரிலிருந்து ஏ9 வீதியைத் தொட மாங்குளம் வழியாகப் போனாலும் பரந்தன் வழியாகப் போனாலும் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். கணினி வாங்கிய கடை கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இருந்தால், அதைத் திருப்பிக் கொண்டு போய்க் காட்டுவதற்கு ஒரு முழு நாள் போய்விடும். போன இடத்தில் 'போர்ட் பழுது' என்று சொல்லிவிட்டால் செலவும் கூடும். ஆனால் இயங்குதளம் ஏறாமல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம் பழுது அல்ல. பென் டிரைவோ, ஓர் அமைப்போ, இல்லாத ஒரு டிரைவரோதான் தடையாக இருக்கும். எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் பலவற்றை வீட்டிலேயே சரிசெய்யலாம்.

பெட்டியில் 'டொஸ்' அல்லது 'ஃப்ரீடொஸ்' என்று எழுதப்பட்ட மடிக்கணினிகள் விலை குறைவு. அவற்றில் விண்டோஸ் இராது. வாங்கியவர்தான் ஏற்ற வேண்டும். விண்டோஸ் 10 இற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டதால், இப்போது ஏற்றுபவர்கள் விண்டோஸ் 11 ஐயே ஏற்ற வேண்டியுள்ளது. அதற்கு நிபந்தனைகள் அதிகம்.

முதல் வேலை: திரையில் வரும் பிழைச் செய்தியைக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு கீழே உள்ளவற்றில் உங்கள் நிலை எது என்று பாருங்கள்.

1. பென் டிரைவிலிருந்து தொடங்கவே இல்லை

தரவிறக்கிய ஐ.எஸ்.ஓ கோப்பை அப்படியே பென் டிரைவில் பிரதி செய்தால் வேலை செய்யாது. மைக்ரோசொப்டின் மீடியா கிரியேஷன் டூல் அல்லது ரூஃபஸ் போன்ற மென்பொருளால் அதைத் தயாரிக்க வேண்டும். 8 ஜி.பி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் தேவை. அதில் உள்ளவை எல்லாம் அழிந்துவிடும். பிறகு கணினியை இயக்கியவுடன் பூட் மெனு விசையை அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப் 12, எச்.பி.யில் எஃப் 9, அசூஸ் மடிக்கணினிகளில் எஸ்கேப். பட்டியலில் ஒரே பென் டிரைவ் இரண்டு தடவை தெரிந்தால், யூ.ஈ.எஃப்.ஐ என்று உள்ளதைத் தெரிவுசெய்யுங்கள்.

2. வட்டு பட்டியல் வெறுமையாக உள்ளது

'எங்கே ஏற்றுவது' என்று கேட்கும் இடத்தில் ஒன்றுமே தெரியாவிட்டால், வட்டு செத்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இன்டெல் 11 ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியதுமான பல மடிக்கணினிகளில் வி.எம்.டி என்ற அமைப்பு இயங்குவதால் இப்படி நடக்கும். உற்பத்தியாளரின் இணையத்தளத்தில் உங்கள் மொடலுக்கான 'இன்டெல் ரபிட் ஸ்ரோரேஜ்' டிரைவரை எடுத்து, விரித்து, பென் டிரைவில் போட்டு, அதே திரையில் 'லோட் டிரைவர்' மூலம் காட்டுங்கள். வட்டு தெரியும்.

3. வட்டு தெரிகிறது, ஆனால் ஏற்ற மறுக்கிறது

ஜி.பி.ரி, எம்.பி.ஆர் என்ற சொற்கள் செய்தியில் இருந்தால், பென் டிரைவ் தொடங்கிய முறையும் வட்டின் அமைப்பும் பொருந்தவில்லை என்று பொருள். ஜி.பி.ரி வட்டு என்றால் மீண்டும் யூ.ஈ.எஃப்.ஐ வழியாகத் தொடங்கினால் போதும். எம்.பி.ஆர் வட்டு என்றால் பகுதிகளை அழித்து வெற்றிடமாக்க வேண்டும். வட்டு உண்மையிலேயே புதியதா என்பதை உறுதிசெய்த பின்னரே அழியுங்கள். பழைய கணினியிலிருந்து கழற்றிப் பூட்டிய வட்டாக இருந்தால் முதலில் பிரதி எடுங்கள். போரில் குடும்பப் படங்களையெல்லாம் தொலைத்த வீடுகள் வன்னியில் ஏராளம். மிஞ்சியதையும் ஒரு சொடுக்கில் இழக்கக்கூடாது.

'இந்தக் கணினி விண்டோஸ் 11 இற்குத் தகுதியற்றது' என்று வந்தால், பயோஸில் ரி.பி.எம் 2.0 முடக்கப்பட்டிருக்கலாம். இன்டெலில் அது பி.ரி.ரி என்றும், ஏ.எம்.டி.யில் எஃப்.ரி.பி.எம் என்றும் இருக்கும். அதை இயக்கியும் மறுத்தால் செயலியின் தலைமுறையைப் பாருங்கள். இன்டெலில் பொதுவாக 8 ஆம் தலைமுறையிலிருந்தே விண்டோஸ் 11 ஏற்கப்படுகிறது. அதற்கு முந்தியதை உங்களுக்குப் 'புதியது' என்று விற்றிருந்தால், கேட்க வேண்டிய கேள்வி கடைக்காரரிடம்தான்.

4. பாதியில் நிற்கிறது

கோப்பு சிதைந்துள்ளது, வாசிக்க முடியவில்லை என்ற செய்திகளுக்குத் தரவிறக்கம் பழுதாவது ஒரு பொதுவான காரணம். விண்டோஸ் 11 கோப்பு 5 ஜி.பி.க்கு மேல், சிக்னல் விட்டுவிட்டு வரும் இடத்தில் அது முழுமையாக இறங்காமல் போகலாம். மைக்ரோசொப்ட் தன் தளத்தில் தரும் சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிடுங்கள். வேறு பென் டிரைவ், வேறு யூ.எஸ்.பி துளை என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் நின்றால் மெம்டெஸ்ட் மூலம் ரம்மைச் சோதியுங்கள்.

இடையில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம்; முதலிலிருந்து மீண்டும் தொடங்கலாம். ஆனால் பயோஸ் இற்றைப்படுத்தலின்போது மின்சாரம் நின்றால் போர்டே முடங்கக்கூடும். மாரி காலத்தில் இடி முழங்கும் பொழுதில் அந்த வேலையைத் தொடாதீர்கள்.

5. திரும்பத் திரும்ப முதலிலிருந்து தொடங்குகிறது

முதல் மறுதொடக்கத்தின்போது பென் டிரைவைக் கழற்றிவிடுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

6. இணைய இணைப்புக் கேட்டு நகர மறுக்கிறது

வைஃபை டிரைவர் இன்னும் ஏறவில்லை. அன்ட்ரொய்ட் கைபேசியை கேபிளால் இணைத்து 'யூ.எஸ்.பி ரெதரிங்' போடுங்கள். கைபேசி டேட்டாவில் மிகுதி வேலை நடக்கும்.

எப்போது கைவிட வேண்டும்?

ஒரு சோதனை பயன்படும். லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டுவைப் பென் டிரைவில் தயாரித்து, ஏற்றாமல் அதிலிருந்தே இயக்குங்கள். அது ஒழுங்காக ஓடி வட்டையும் காட்டினால், வன்பொருள் பெரும்பாலும் நலம். இரண்டும் இலவசம், பாடவேலைக்கும் தட்டச்சுக்கும் இணையத்துக்கும் அதையே நிரந்தரமாக ஏற்றியும் பயன்படுத்தலாம். 'கிராக்' செய்த விண்டோஸை நம்பி வைரஸை விலைக்கு வாங்குவதைவிட அது மேல்.

மாறாக, பயோஸிலேயே வட்டு தெரியாவிட்டால், அல்லது ரம் சோதனையில் பிழை வந்தால், அங்கேயே நிறுத்துங்கள். மூடியைக் கழற்றாதீர்கள், உத்தரவாத முத்திரை கிழிந்தால் உங்கள் பக்க நியாயம் பலவீனமாகிவிடும். பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை, பிழைச் செய்திகளின் படங்கள் ஆகிய மூன்றுடனும் கடைக்குப் போங்கள். என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதிக் கொண்டு போனால் காரணமில்லாமல் திருப்பி அனுப்புவது கடினம். கடை பொறுப்பேற்க மறுத்தால் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். அதற்கும் முதலில் தேவைப்படுவது பற்றுச்சீட்டுத்தான். கணினி வாங்கும் அன்றே அதைக் கேட்டு வாங்குங்கள்; மொடல் பெயரும் தொடரிலக்கமும் அதில் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே நின்று பாருங்கள்.